நிழற்கட்டிக்கு இருமல் வராது

காலையில் காபிக்கு முன்பே குப்புராஜ் சுவர்த்திரையைத் தட்டிவிடுவார். மனைவி தேவசேனையின் நுரையீரல் புற்றுக்கு அதில் ஒரு நிழற்கட்டி உண்டு. நான்கு வருடம் முன்பு எடுத்த ஒரே ஒரு சதைத்துணுக்கை வைத்து மருத்துவமனைக் கணினி தனக்குள் வளர்த்து வரும் மாதிரிக் கட்டி அது. அது சுருங்கினால் இவளும் தேறுகிறாள் என்று கணக்கு. ஸ்கேன், ஊசி என்று யாரும் இப்போது உடம்பைத் தொடுவதே இல்லை.

“இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் கொறஞ்சிருக்கு, சேனா!”

“அதுக்குக் கொறஞ்சிருக்கும். எனக்குப் படியேறினா மூச்சு வாங்குதுங்க. மறுபடி சதைத்துணுக்கு எடுக்கச் சொல்லப் போறேன்.”

கணினியின் கணிப்பை மீறி ஊசி குத்தித் துணுக்கு எடுக்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். குப்புராஜ் ஒரே பிடியாக மறுத்தார்.

“நல்லாயிருக்கறப்ப எதுக்கு ஊசி? நுரையீரல்ல காத்து கசிஞ்சிடுமாம்.”

பாவம், மனுஷனுக்குப் பயம். அந்தத் திரையை நம்பித்தானே நான்கு வருடம் தூங்கியிருக்கிறார்!

“உங்க நிழலுக்கு இருமல் வருதா? எனக்கு வருது,” என்றாள் தேவசேனை. சேலம் மேம்பால ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். “போன வருஷத்து டிக்கெட்டைக் காட்டினா எறக்கி விட்டிருக்கேன். நீங்க நாலு வருஷத்துக்கு முந்தின சதையைக் காட்டறீங்க.”

குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் மாவட்டத்திலேயே இரண்டு பேர்தான். அவர்களில் ஒருவரான டாக்டர் சபூரா துணுக்கை எடுத்தார். ஆறாம் நாள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“கட்டியோட ரகமே மாறிடுச்சும்மா. நீங்க சாப்பிட்டுட்டு வர்ற பழைய மாத்திரை இதைத் தொடவே இல்ல. வேற மருந்து இருக்கு, நாளைக்கே ஆரம்பிக்கலாம். முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன். ஆனா நாள் கெடைக்கும்.”

பழைய நிழற்கட்டியை அழித்துவிடவா என்றும் கேட்டார். குப்புராஜ் மேசைத்திரையைப் பார்த்தார். அங்கே அது கடுகளவாகியிருந்தது.

“அழிக்கணுமா டாக்டர்? இதுலயாவது அவ பொழச்சிருக்காளே,” என்றார்.

தேவசேனைக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கணவரின் கையை வெடுக்கென்று இழுத்து, தன் விலாவில் ஊசி குத்திய இடத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அவ பொழச்சது போதும்ங்க. இங்க இருக்கறவளைப் பாருங்க.”