கொட்டாத தண்ணீர்

பின்னறையில் யாரோ தண்ணீரில் எதையோ அலசும் சத்தம் கேட்டது. மெல்ல, அவசரமில்லாமல், வேலை முடித்தவர் கையை முக்கி எடுப்பதுபோல. இன்னாசிமேரி தலையைத் திருப்பிக் காதைக் கொடுத்தாள். அந்த வீட்டில் குடத்திலோ பானையிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நேற்று அவளே கொட்டியிருந்தாள்.

ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி ஜெயங்கொண்டத்துக்கு வந்து வைத்தியம் பார்த்த யூத டாக்டர் வீட்டில் அவள் சமையல் செய்தாள். டாக்டரின் மனைவி விஷக்காய்ச்சலில் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது இறந்துபோனார். பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள், அடக்கம் கூடாது. சனிக்கிழமை இருட்டி, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் குழி தோண்டலாம். அதுவரை பிரேதத்தை ஒரு கணமும் தனியே விடக்கூடாது. உடலைத் தரையில், கால் வாசலைப் பார்க்கக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைக்க வேண்டும். குடம், செம்பு, பானை என்று வீட்டிலிருக்கும் தண்ணீரையெல்லாம் வெளியே கொட்டிவிட வேண்டும்.

கடைசியது எதற்கு என்று கேட்டாள். நோயாளிகளிடம் கற்ற தமிழில் டாக்டர் சொன்னார்.

"உயிர் எடுக்க வர்ற தூதன் கையில கத்தி இருக்கும், மேரி. வேலை முடிஞ்சதும் பக்கத்துல இருக்கற தண்ணியில கழுவுவான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. நான் நம்பலை. எங்கம்மா கொட்டுவாங்க. அதான் நானும் கொட்டறேன்."

அவளும் கொட்டினாள், ஒன்றைத் தவிர. ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மந்திரித்து வாங்கிய தீர்த்தம், ஒரு சின்னத் தூக்கு நிறைய. தீர்த்தத்தைக் கால் படும் மண்ணில் மாதாவைக் கும்பிடும் எந்த வேதக்காரி கொட்டுவாள்? அதே காய்ச்சலோடு பின்னறையில் கிடந்த மகள் அமலோற்பவத்துக்கு அவளிடம் மிச்சமிருந்த நம்பிக்கையே அதுதான். மூடி போட்டு, பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள்.

இப்போது சனிக்கிழமை மாலை. முந்திரித் தோப்புக்கு மேல் மேகம் இறங்கி ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. கூடத்தில் பிரேதத்தின் அருகே இரவெல்லாம் விழித்திருந்த டாக்டர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். தூங்குகிறவர் காவலில் சேர்த்தி இல்லை என்று அவரே சொல்லியிருந்தார். ஆக, காவல் அவள் ஒருத்திதான். விளக்குத் திரி கருகும் வாடை, வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து எழத் தொடங்கிய இன்னொரு வாடை, ஓட்டில் உரசும் கிளை, இவற்றுக்கு நடுவே அந்தச் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

அலசும். நிற்கும். சொட்டும்.

"ஐயா, எந்திரிங்க," என்று டாக்டரை உலுக்கினாள். அவர் நெற்றி கொதித்தது. கண் திறக்கவில்லை.

"அம்மா," என்றது பின்னறையிலிருந்து மகளின் குரல். "தாகமா இருக்கு."

"இந்தா வரேன் தாயி. கொஞ்சம் பொறு."

"வேணாம்மா. இவங்க தராங்க."

பிரேதத்தைப் பார்த்தாள். பின்னறைக் கதவைப் பார்த்தாள். ஓடினாள்.

கட்டில் காலி. தூக்கின் மூடி தரையில். உள்ளே தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. சிவப்பாக.

எழுந்து உட்காரவும் தெம்பில்லாத பிள்ளை தரையில் கிடந்தாள். நேராக. உதடு நனைந்திருந்தது. கழுத்துவரை வெள்ளைத் துணி. கால் வாசலைப் பார்த்தபடி.

தலைமாட்டில், சற்று முன் அவள் கூடத்தில் விட்டு வந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.