சேற்றுக்கால் பட்ட மிதியடி

டட்... டட்... டட்... டட்!

மன்னார்குடி பைபாஸ் பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது.

ஆசியா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கண்ணால் பார்க்கும் முன்பே காது சொல்லிவிட்டது. தாலுகாவிலேயே ஒரே ஒரு ஜப்பான் டர்போ கார். இராஜாங்கத்தின் கார்!

விக்கி விக்கி உள்ளே வந்து நின்றது. கட்சிக்கரை வேட்டி முதலில் இறங்கியது. பிறகு இராஜாங்கம். ஒன்றியச் செயலாளர். ஐந்து வேலி நிலம், இரண்டு அரிசி ஆலை, ஊர் கொள்ளாத வாய்.

"ஒங்க அத்தா எங்க?"

"கண் ஆபரேஷனுக்குத் தஞ்சாவூர் போயிருக்காங்க. நான் பாக்கறேன்."

"நீயா? இது தையல் மெஷின் இல்லம்மா. இருநூத்தம்பது குதிர சக்தி."

"குதிரைக்கு இருமல் வந்திருக்குங்க. பாக்கணுமா, வேணாமா?"

அவருக்கு வேறு வழியில்லை. நாலு மணிக்கு அமைச்சர் வருகிறார். ஊர்வலத்தில் அமைச்சர் வண்டிக்குப் பின்னால் இந்தக் கார் போயாக வேண்டும். சுற்று வட்டாரத்தில் டர்போவைத் திறந்து மூடத் தெரிந்த பட்டறை இது ஒன்றுதான்.

ஆசியா ஜாப் கார்டை எடுத்தாள். யார் ஓட்டியது, கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டது, எப்போதிலிருந்து சத்தம்... எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் அந்தப் பட்டறையில் பானெட் திறக்காது. அத்தா வைத்த சட்டம்.

"எழுதிக்க. நேத்து மத்தியானத்துலேருந்து நாகப்பட்டினத்துல கட்சிக் கூட்டம். ராத்திரி லாட்ஜ்ல தங்கினேன். காலைல அங்கேயே பெட்ரோல் போட்டேன். திருவாரூர் தாண்டினதுமே சத்தம். அந்த பங்க்காரன் கலப்படம் பண்ணிட்டான்."

"வேற யாராச்சும் ஓட்டினாங்களா?"

இராஜாங்கம் சிரித்தார். "எவன் இதத் தொடறது? சாவி தூங்கறப்பகூட என் இடுப்புல இருக்கும்."

கார்டு நிறைய வருகிற மாதிரி பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

நாகப்பட்டினம் என்று எழுதும்போது ஆசியாவின் பேனா ஒரு நொடி தயங்கியது.

காரணம், நடராசன்.

இராஜாங்கத்தின் மூணு ஏக்கரைக் குத்தகைக்குப் பயிரிட்டவர். பைபாஸ் வந்ததும் இராஜாங்கம் அதை மனைக்கட்டாக்க நினைத்தார். நடராசன் நகரவில்லை. குத்தகைப் பதிவைக் காட்டி வழக்குப் போட்டார். போன மாதம் இதே பட்டறைக்கு இராஜாங்கத்திடம் நியாயம் கேட்க வந்தவர், பேச்சுவாக்கில் காருக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். நடவு வயலிலிருந்து நேராக வந்த சேற்றுக்கால். இராஜாங்கம் அந்தக் கால் பட்ட சிவப்பு ரப்பர் மிதியடியை உருவி, நடராசன் முகத்துக்கு நேராக எறிந்துவிட்டுப் போனார்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு நடராசன் மறுபடி வந்தார். மூடி ஒழுகும் கேனோடு. ஆசியா மூடிக்குள் ஒரு வாஷர் வெட்டிப் போட்டுக் கொடுத்தாள்.

இன்று காலை அந்த வயல் பம்புசெட்டை ஒட்டிய வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்தார் என்று போலீஸ் முடித்துவிட்டது. டீயைத் தவிர எதையும் குடிக்காத மனிதர்! அவர் மனைவி பிரகதாம்பாள் ஸ்டேஷன் வாசலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி நின்றதுதான் மிச்சம். சாயங்காலம் எரித்துவிடுவார்கள். சாட்சியும் எரியும். மூணு ஏக்கரும் போய்விடும்.

ஆசியா காரை எடுத்துக்கொண்டு பாலத்து ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தாள். சும்மா நிற்கும்போது பூனை. மிதித்தால் கொல்லன் பட்டறை. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது.

திரும்பி வந்து பிளக்குகளைக் கழற்றினாள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். நேரம் கெட்டு வெடித்ததற்கு அடையாளம். கம்ப்ரெஷன் பார்த்தாள். நாலு சிலிண்டரும் சரி. அப்படியானால் இன்ஜினில் கோளாறில்லை. அது குடித்ததில்தான் கோளாறு.

பெட்ரோல் அழுத்தம் பாதிதான் இருந்தது. ஃபில்டர் அடைப்பு!

கொஞ்சம் வடித்து உள்ளங்கையில் விட்டாள். பெட்ரோல் என்றால் உடனே பறந்திருக்கும். இது எண்ணெயாக நின்றது. கண்ணாடி டம்ளரில் பிடித்தாள். லேசாக நீலம் தட்டியது.

"ரேஷன் கெரசின் கலந்திருக்குங்க."

"நான் சொல்லல?" இராஜாங்கம் தொடையைத் தட்டிக்கொண்டார். தன் பொய்க்குத் தானாக வந்து சாட்சி சேர்ந்துவிட்ட சந்தோஷம். செல்போனை எடுத்தார். இன்ஸ்பெக்டர் நாகநாதனை உடனே வரச் சொன்னார். பங்க்காரனை உள்ளே தள்ள வேண்டுமாம்.

நாகநாதன் பத்து நிமிஷத்தில் வந்தார். நடராசன் கதையைக் காலையில் முடித்தவரும் அவர்தான். இராஜாங்கம் ஜாப் கார்டை அவர் கையில் திணித்தார்.

"படிச்சிட்டு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு இந்தப் பொண்ணு மாத்திப் பேசிடக் கூடாது பாருங்க."

இன்ஸ்பெக்டர் போட்டார்.

ஆசியா ஃபில்டரை அறுத்து அவர் மூக்கருகே நீட்டினாள். உள்ளே பச்சையும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. நாகநாதன் முகத்தைச் சுளித்தார்.

"வேப்பெண்ணெய்! எந்த பங்க்லய்யா வேப்பெண்ணெய் விக்கிறான்?"

இராஜாங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கெரசின்ல வேப்பெண்ணெய கலந்து பயிருக்கு அடிப்பாங்க சார்," என்றாள் ஆசியா. "நேத்து நடராசன் கேன்ல இருந்தது அதுதான். பம்புசெட் ஷெட்டுல வைக்கப் போறேன்னு சொன்னார்."

"வயக்காட்டுல எல்லாவன்கிட்டயும்தான் இருக்கும்," இராஜாங்கம் உறுமினார். "வாய மூடிக்கிட்டு வண்டியப் பாரு."

"பாக்கறேங்க."

டாங்க்கை இறக்கிக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டோடு ஏதோ ஒன்று டம்ளரில் தொப்பென்று விழுந்தது.

சிவப்பாக ஒரு ரப்பர் வளையம். கெரசினில் ஊறிக் கொஞ்சம் உப்பியிருந்தது.

"இது நேத்து அஞ்சு மணிக்கு அவரு கேன் மூடிக்குள்ள நான் போட்ட வாஷர் சார். பம்புசெட்டுகிட்ட இந்த வண்டி பெட்ரோல் தீந்து நின்னிருக்கு. ஷெட்டுல கெடச்ச கேன அவசரமா கவுத்திருக்காங்க. இது நழுவி உள்ள விழுந்துடுச்சு. நேத்து மத்தியானத்துலேருந்து நாகப்பட்டினத்துல இருந்ததாவும், வேற யாரும் வண்டியத் தொடலன்னும் இவரு சொன்னதுக்கு நீங்கதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நாகநாதன் தன் கையெழுத்தைப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை. சரசரவென்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, நடராசன் உடலைச் சுடுகாட்டுக்கு எடுக்க விடாதே என்றார். பிறகு இராஜாங்கத்துக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றார்.

"ஒரு ரப்பர் துண்டு!" இராஜாங்கத்தின் குரல் கீச்சிட்டது. "ஊர்ல எந்தக் கேன்லதான் இல்ல?"

ஆசியா சுவரில் ஆணியில் தொங்கியதை எடுத்து பானெட் மீது விரித்தாள். சிவப்பு ரப்பர். நடுவே சேறு காய்ந்த ஒரு பாதத் தடம். ஓரத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. வளையத்திலும் அதே சிவப்பு, அதே வரி.

"நடராசன் கால் பட்டுடுச்சுன்னு நீங்க தூக்கி எறிஞ்ச மிதியடிதாங்க. வண்டியிலயே போட்டு வச்சிருந்தா, இந்நேரம் ஊர்வலத்துல போயிட்டிருப்பீங்க!"