பத்தாவது ஆணி

"இது இன்னும் தயாராகலைங்க."

மூணே வார்த்தை. அதைக் கேட்டதும் 'மூணு கிடா' பப்புக்குள்ள இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க. கணப்பு ஓரம் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துச்சு.

சொன்னவன் ஊருக்குப் புதுசு. சனிக்கிழமை மத்தியானம், கொட்டுற மழையில தொப்பலா நனைஞ்சு வந்து நின்னான். தொப்பியைக் கழட்டிக் கணப்புக்கு மேல காயப் போட்டான். ஒரு பைண்ட் ஏல் பீர் கேட்டான். கொடுத்த கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தான்... ஒரே ஒரு வாய் குடிச்சான்... தூங்குற குழந்தையைக் கீழே விடுற மாதிரி மெதுவா அதை மேஜை மேல வெச்சான். அப்புறம்தான் அந்த மூணு வார்த்தை.

கவுண்டருக்குப் பின்னாடி நின்ன ஹெஸ்டருக்குக் காது மடல் வரைக்கும் சிவந்து போச்சு.

"என்ன சொன்னீங்க?"

அவன் நிமிர்ந்தான். சாம்பலும் பச்சையும் கலந்த கண்ணு... இமை நுனியில இன்னும் மழைத்துளி நின்னுச்சு. இந்த நேரத்துல இதையெல்லாம் எதுக்குக் கவனிக்கிறோம்னு அவளுக்கு அவ மேலயே கோபம் வந்துச்சு.

"நல்ல ஏல்தான்... சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா."

இதை வேற எந்தப் பப்புல சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. கிரேன்லோ ஊர்ல, மூணு கிடாவுல, ஹெஸ்டர் பேக்ஷா முகத்துக்கு நேரா சொல்றதா? எங்க டெர்பிஷைர் மாவட்டத்துல இந்தப் பப்பைத் தெரியாத ஆள் கிடையாது. நாலு மேஜை, ஒரு கணப்பு, நிலவறையிலேர்ந்து ஏல் இறைக்கிற ஒரே ஒரு கைப்பிடி. பாட்டு கிடையாது, டிவி கிடையாது. பீப்பாய்க்குள்ளேயே இன்னும் புளிச்சுக்கிட்டு உயிரோட இருக்குற ஏல் மட்டும்தான். அப்பா போனதுக்கப்புறம் தனியா நின்னு, முப்பத்தொரு வயசுல மொத்த நிலவறையையும் தானே பார்த்துக்கிறவ அவ. அப்பா காலத்துல ரெண்டு, இவ கையில ஏழுன்னு மாவட்டத்துலேயே சிறந்த ஏல்னு வருஷா வருஷம் கொடுக்குற பித்தளைப் பட்டயம் சுவத்துல வரிசையா ஒன்பது தொங்குது. அது பக்கத்துலேயே பத்தாவதுக்கு ஆணியை அடிச்சு ரெடியா வெச்சிருந்தா. பட்டயம் வர்றதுக்கு முன்னாடியே ஆணியான்னு ஊரே கேலி பண்ணுச்சு. ஆமா, அப்படித்தான்னு அவ சொல்லிட்டா.

பட்டயத்துக்காக ருசி பார்க்க வர்ற ஆள் யாருன்னு முன்கூட்டி யாருக்கும் தெரியாது. இந்த வாரம் வருவாங்கன்னு மட்டும் கடுதாசி வந்திருந்துச்சு. கிளாஸை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்த தோரணையைப் பார்த்ததும் இவன்தான் அந்த ஆளுன்னு ஹெஸ்டர் முடிவே பண்ணிட்டா.

பிரச்சனை அது மட்டும் இல்ல. அவன் சொன்னது நிஜம்.

முந்தின நாள் சர்ச் மணி அடிக்கிறவங்களுக்கு இங்கேதான் விருந்து. மூணு மணி நேரம் நிறுத்தாம மணி அடிச்ச பெருமையில, இருந்த ஏல் மொத்தத்தையும் ஏழு மணிக்குள்ள காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அப்புறம்தான் புதுப் பீப்பாய்க்குக் குழாய் அடிச்சா. அடிச்சதுக்கப்புறம் முழுசா ஒரு நாள் அது அசையாம கிடக்கணும். அடியில வண்டல் படியணும். அதுக்கு முன்னாடி பிடிச்சா லேசா ஒரு கலங்கல், நாக்குல ஒரு பச்சை வாசம்... நூத்துல தொண்ணூத்தொன்பது பேருக்குத் தெரியாது. ஏல் தயாராகலைன்னா கைப்பிடியில மாட்டியிருக்குற பேர்த்தட்டைத் திருப்பிப் போடுறதுதான் முறை. வெறும் மரப்பக்கம் தெரிஞ்சா 'இன்னிக்கு இல்ல'ன்னு அர்த்தம். ஆனா மூணு கிடாவுல இருக்குறதே ஒரு கைப்பிடி. அந்தத் தட்டு திரும்பி நாற்பது வருஷத்துல யாரும் பார்த்ததில்ல. அதுவும் இந்த வாரமா திருப்புறதுன்னு நெனைச்சுத்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு முதல் கிளாஸைப் பிடிச்சா.

கணப்பு ஓரத்துலேர்ந்து கிழவர் கிளெம் குரல் கொடுத்தார். "தம்பி... இங்க ஒரு வழக்கம் இருக்கு. ஏல் மேல குறை சொல்றவங்க கீழ இறங்கிப் போய்ப் பீப்பாய் முகத்துக்கு நேரா சொல்லணும். இதுவரைக்கும் ஒருத்தனும் இறங்கினதில்ல."

"அப்ப நான் இறங்குறேன்."

அடப்பாவி... ஹெஸ்டர் விளக்கை எடுத்தா. ஒடுக்கமான கல் படி. "தலை..."ன்னு அவ சொல்றதுக்குள்ள அவன் உத்தரத்துல நங்குன்னு இடிச்சுக்கிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. விளக்கைத் தூக்கிப் பிடிக்கிற சாக்குல முகத்தைத் திருப்பிக்கிட்டா.

கீழே ஈரச் சாக்கு போர்த்திப் படுத்திருந்துச்சு பீப்பாய். அது முகத்துல ஹெஸ்டரோட கையெழுத்து, சாக்பீஸ்ல, கொட்டை கொட்டையா... 'வெள்ளி, ஏழு மணி.'

அவன் அதைப் படிச்சான். அப்புறம் அவளைப் பார்த்தான். இருபதடி ஆழத்துல சத்தமே இல்ல. ரெண்டு பேர் மூச்சுதான். அவ மோவாயை நிமிர்த்திக்கிட்டு நின்னா. ஏன் அவசரப்பட்டேன்னு கேளு... கேட்டுடுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா. அவன் கேட்கலை. குனிஞ்சு, பீப்பாய் மேல கையை வெச்சு, "உன் மேல ஒரு தப்பும் இல்ல"ன்னு மெதுவா சொல்லிட்டுப் படியேறிட்டான்.

மேல போனதும் எல்லாரும் கேட்கிற மாதிரி, தப்பு தன்னோடதுதான், வர்ற வழியில வினிகர்ல ஊறின முட்டையைத் தின்னுட்டு வந்ததால நாக்கு செத்துப் போச்சு, ஏல் பிரமாதம்னு சொன்னான். ஒரே சிரிப்பு. கிளெம் தொடையைத் தட்டிச் சிரிச்சார். அப்பத்தான் உள்ள வந்து பச்சை மழைக்கோட்டைக் கழட்டிக்கிட்டு இருந்த ஒரு அம்மாவும் சேர்ந்து புன்னகைச்சாங்க.

தப்பிச்சோம். மானம் பொழைச்சுது. பத்தாவது பட்டயமும் கையில வந்த மாதிரிதான். அப்படின்னா நெஞ்சு ஏன் இப்படி எரியுது?

இன்னொருத்தன் போட்ட பிச்சையில மூணு கிடா பேர் நிக்கணுமா... அவன் கண்ணுல நான் யாரு? பொய்யைக் கொடுத்தாக் கும்பிட்டு வாங்கிக்கிற ஆளா?

ஹெஸ்டர் கையை நீட்டினா. பேர்த்தட்டைப் பிடிச்சுத் திருப்பினா. டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வெறும் மரம் தெரிஞ்சுச்சு.

"அவர் முட்டை ஏதும் தின்னலை. நான் அவசரப்பட்டுப் பிடிச்சுட்டேன். ஏழு மணி வரைக்கும் ஏல் கிடையாது. வேணுங்கிறவங்களுக்கு டீ போட்டுத் தர்றேன்."

குரல் நடுங்காம சொன்னா.  பச்சைக் கோட்டு அம்மா கைப்பையிலேர்ந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, ஒரு வரி எழுதி மூடினாங்க. "ஏல் இல்லாத பப்புக்கு மார்க் போட வழியில்லம்மா"ன்னு வருத்தமா சொல்லிட்டு மறுபடி கோட்டை மாட்டிக்கிட்டு மழையில இறங்கிட்டாங்க.

அப்ப அந்த ஆளு இவங்க... இவன் யாரு?

கேட்டே விட்டா. அவன் திரும்பிக் கிடந்த தட்டைக் காட்டினான். "அந்தப் பக்கம் எழுதியிருக்குறது என் பேரு. ஜோஸ் வார்டில்."

வார்டில் ஏல்! மலைக்கு அந்தப் பக்கம் காய்ச்சுறாங்களே... கிழவர் வார்டில் வசந்த காலத்துல ஓய்வெடுத்துக்கிட்டார்னும், அவர் இடத்துக்குத் தம்பி மகன் வந்திருக்கான்னும் அவ கேள்விப்பட்டிருந்தா. வண்டிக்காரன்தான் பீப்பாய் கொண்டு வருவான். புதுசாக் காய்ச்சுறவனை அவ பார்த்ததே இல்ல.

கோபம் ரெட்டிப்பாச்சு. ஏல் காய்ச்சுறவன் நாலு பேர் முன்னாடி தன் நாக்கு செத்துப் போச்சுன்னு சொல்லலாமா, நாளைக்கு ஊர் என்ன பேசும், யார் கேட்டா இந்தப் பொய்யைன்னு பிடிபிடின்னு பிடிச்சா. அவனுக்கும் சுருக்குன்னு ஏறிடுச்சு.

"என் பேரைப் போட்டு அரைகுறையா ஊத்தினது நீங்கதானே?"

"அப்புறம் எதுக்குங்க எனக்காகப் பொய் சொன்னீங்க?"

அவனுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துச்சு. பதில் சொல்லாம கதவைத் திறந்துக்கிட்டு அந்த மழையிலேயே விறுவிறுன்னு போயிட்டான்.

சாயங்காலம் வரைக்கும் ஹெஸ்டர் தேய்ச்ச கிளாஸையே தேய்ச்சா. கிளெம் மூணாவது டீயைக் குடிச்சுக்கிட்டே, "எனக்கும் முதல் வாயிலேயே தெரிஞ்சுது கண்ணு... சொல்ல மனசு வரலை"ன்னார். வாசல்ல சத்தம் கேட்கும்போதெல்லாம் அவ நிமிர்ந்து பார்த்ததையும் அவர் கவனிச்சார். 

ஏழு அடிச்சுது. தட்டைத் திரும்பவும் நேரா மாட்டிட்டு ஒரு கிளாஸ் பிடிச்சா. விளக்குக்கு நேரா தூக்கினா... அடேயப்பா. செம்பு நிறத்துல, தூசி தும்பு இல்லாம, அந்தப் பக்கம் இருக்குற கதவுப் பிடிகூடத் தெளிவாத் தெரிஞ்சுது. அந்தக் கதவு திறந்துச்சு. கிளாஸ் வழியாவே அவனைப் பார்த்தா.

"தொப்பியை... விட்டுட்டுப் போயிட்டேன்."

"தெரியும்."

கணப்பு மேல தொப்பி இல்ல. அவன் தேடினான். சுவத்துல ஒன்பது பட்டயம்... பத்தாவது ஆணியில, நல்லாக் காய்ஞ்சு, அவனோட தொப்பி.

அவன் கிட்ட வந்தான். அவ கிளாஸை அவன் பக்கம் தள்ளினா. குடிச்சான், கண்ணை மூடினான்.

"இதை நான்தான் காய்ச்சினேன்னு சொன்னா நம்ப முடியலை"ன்னான். "மத்தியானம் ஒரு கேள்வி கேட்டீங்கல்ல? பாதி மலை ஏறினதும் பதில் கிடைச்சுது. சொல்லலாம்னு திரும்பி வந்தேன்."

"தொப்பிக்குன்னு சொன்னீங்க?"

"தொப்பி சாக்கு." நனைஞ்ச தலையைக் கோதிக்கிட்டான். "கீழ, யாரும் பார்க்காத இடத்துல, சரியான நேரத்தை எழுதி வெச்சிருந்தீங்க. வியாழன்னு மாத்தி எழுதியிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்? அந்த எழுத்தைப் பார்த்ததும்... இந்தப் பொண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு தோணுச்சு. நான் உட்பட."

ஹெஸ்டர் கவுண்டர்த் துணியை மடிச்சா, பிரிச்சா, மறுபடி மடிச்சா.

"நான் தட்டைத் திருப்பினது உனக்காக இல்ல"ன்னா. 'நீங்க' எப்ப 'நீ'யாச்சுன்னு அவளுக்கே தெரியலை.

"சரி."

"ஊர் என்ன நினைச்சாலும் நான் தாங்கிக்குவேன். பட்டயம் போனாலும் போகட்டும்... நீ மட்டும் என்னைச் சின்னவளா நினைச்சுடக் கூடாதுன்னு தோணுச்சு. அப்ப பேர்கூடத் தெரியாத உன்கிட்ட எனக்கு எதுக்கு அப்படித் தோணணும்? மத்தியானத்துலேர்ந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"பதில் கிடைச்சுதா?"

அவ நிமிர்ந்து அந்தச் சாம்பல் பச்சைக் கண்ணை நேரா பார்த்தா. ஒளிக்கிறது அவளுக்குப் பழக்கமில்ல.

"பிடிச்சிருக்கு, ஜோஸ். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. தொப்பியை எடுத்துக்கிட்டுப் போறதுன்னா இப்பவே போயிடு."

அவன் ஆணியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அந்த வருஷப் பட்டயம் பக்கத்து ஊர்ப் பப்புக்குப் போச்சு. ஹெஸ்டரே நேர்ல போய்க் கை குலுக்கிட்டு வந்தா. இப்பவும் வெளியூர்க்காரங்க வந்தா, ஒன்பது பட்டயத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய தொப்பி எதுக்குன்னு கேட்பாங்க. ஏல் ஊத்திக்கிட்டே தலையை நிமிர்த்தி அவ சொல்லுவா, "இருக்குறதுலேயே பெரிய பரிசு அதுதாங்க."