பாப்பாவைப் பார்க்க வந்தவர்கள்

என் அப்பாவுக்கு "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லவே வராது. பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால்கூட அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அம்மா அதற்கும் ஒரு படி மேல். மிதித்தவருக்குக் கால் வலிக்கிறதா என்று விசாரிப்பார்.

மற்ற நாட்களில் இது பரவாயில்லை. ஜூன் இருபத்து மூன்றாம் தேதி இது சரிப்படாது.

அன்றைக்குத்தான் எங்கள் ஒகினாவாத் தீவில் எல்லாரும் உலகப் போரில் இறந்துபோன தங்கள் வீட்டு மனிதர்களைப் பார்க்க மபுனி மேட்டுக்குப் போவோம். அங்கே கடலைப் பார்த்தபடி கறுப்புக் கற்சுவர்கள் வரிசையாக நிற்கும். சுவர் முழுக்கப் பெயர்கள். அவரவர் வீட்டுப் பெயருக்கு முன்னால் பாய் விரித்து, பெயரின் மேல் தண்ணீர் ஊற்றி, சாப்பாடு படைப்போம். பிறகு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். சிரிப்போம், ஊர்க்கதை பேசுவோம். அவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் அல்லவா?

எங்கள் வீட்டு ஆள் ஒரு பாப்பா. பெரிய தாத்தாவின் தங்கை. குண்டு விழுந்துகொண்டிருந்த நாளில் ஒரு குகைக்குள் பிறந்தாளாம். பெயர் வைப்பதற்குள் பசியிலேயே போய்விட்டாள். அதனால் கல்லில் அவளுக்குப் பெயர் கிடையாது. 'தோமரி செய்க்கியின் இளைய மகள்' என்று மட்டும் இருக்கும். அதுவும் சுவரின் கடைசி வரியில், தரையை ஒட்டி.

பெரிய தாத்தாவுக்கு அப்போது ஆறு வயது. இப்போது சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஆனால் அவர் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். அன்று நண்பகலில் தீவு முழுக்க ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும். அதற்கு முன்பு பாப்பாவின் முன்னால் சோறு இருக்க வேண்டும். கொட்டும் மழையில்கூடக் குடை பிடித்துக்கொண்டு வைத்திருக்கிறார்.

"பசியோட போனவ. அந்த நிமிஷத்துலயாவது அவ முன்னால சோறு இருக்கணும்" என்பார்.

இந்த வருடம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் நாங்கள் போய்ச் சேர்ந்ததே தாமதம். போய்ப் பார்த்தால் எங்கள் இடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

டோக்கியோவிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரிப் பிள்ளைகள். சுவர் உச்சியில் அவர்களுடைய பைகள், ஒரு ஈரத் துண்டு. ஒரு குட்டி ஒலிபெருக்கி டம் டம்மென்று பாடிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஓர் அக்கா சிப்ஸ் தின்றுகொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவருடைய முதுகு சரியாக எங்கள் பாப்பாவின் மேல்.

அப்பா அருகில் போய்க் குனிந்து வணங்கினார். தொண்டையைக் கனைத்தார். ஓலைத் தொப்பி போட்ட அண்ணன் உடனே எழுந்து தன் கைபேசியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்.

"சார், எங்க எல்லாரையும் ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

அப்பா எடுத்தார். சரியாக வரவில்லை என்றார்கள். மறுபடி எடுத்தார். எல்லாரும் குதிப்பது போல ஒன்று கேட்டார்கள். அதையும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி எடுத்துக் கொடுத்து, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தார் என் அப்பா.

அடுத்து அம்மா போனார். சாப்பாட்டு அடுக்குப் பெட்டியை நன்றாகத் தெரியும்படி ஏந்திக்கொண்டு, "இன்னைக்கு ரொம்ப வெயில் இல்லையா?" என்றார். ஆமாம் ஆமாம், பயங்கர வெயில் என்றார்கள். அம்மா பெட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, தாத்தாவுக்கும் வெயில் தாங்காது என்றார். ஐயோ பாவம் என்றார்கள்.

எங்கள் ஊரில் இரண்டாவது 'வெயில்' காதில் விழும்போதே எழுந்து இடம் விட்டிருப்பார்கள். டோக்கியோக்காரர்களுக்கு இது எங்கே புரியப் போகிறது!

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவருக்கு முன்னால் வைத்துவிடலாமா என்று அப்பா மெல்லக் கேட்டார். பெரிய தாத்தா மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"அது வேற வீடு" என்றார். அவருடைய தாடை நடுங்கியது. மடியில் இருந்த சோற்றுருண்டைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகச் சிவப்புச் சட்டை அக்காவின் முன்னால் போய் நின்றேன். "வகானா, சும்மா இரு" என்று அம்மா பின்னால் முணுமுணுத்தார். நான் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, நீங்க எங்க பாப்பா மேல சாஞ்சிருக்கீங்க. அவ இன்னும் சாப்பிடல."

அக்கா முதலில் சிரித்தார். பாப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தார். நான் கடைசி வரியைக் காட்டினேன். அதைச் சத்தமாகப் படித்தவர், முடிக்கும்போது குரலைத் தாழ்த்திவிட்டார்.

"இதுல பேர் இல்லையே?"

"வைக்கிறதுக்குள்ள செத்துப்போயிட்டா. பசியில."

தொப்பி அண்ணன் பாட்டை நிறுத்தினார். அக்கா சுவரை விட்டுத் துள்ளி எழுந்தார். பிறகு ஒரே பரபரப்பு. பைகளை இறக்கினார்கள், துண்டை இழுத்தார்கள். கீழே சிந்திய சிப்ஸ் தூளைக்கூட ஒருவர் விரலால் பொறுக்கினார். எங்களுக்குக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆறு பேரும் வண்டி நிறுத்தும் இடத்தை நோக்கி ஓட்டமாகப் போனார்கள். அக்கா அழுதுகொண்டே போனார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து திரும்பினேன். பெரிய தாத்தா என்னைப் பார்க்கவே இல்லை. ஓடுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறும் வயித்தோட அனுப்பிட்டியே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. இடமும் கிடைத்தது, நேரமும் இருந்தது, ஆனாலும் ஏதோ சரியில்லை. போன மாதம் சித்திக்குக் குழந்தை பிறந்தது நினைவுக்கு வந்தது. வீடு கொள்ளாத கூட்டம். தபால் கொடுக்க வந்தவரையும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னோம். எங்கள் பாப்பா பிறந்தபோது யார் வந்திருப்பார்கள்? அந்தக் குகைக்குள் யார் வர முடியும்?

அடுத்த நொடி நானும் ஓடினேன்.

அவர்கள் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் சிவப்புச் சட்டை அக்காவின் பையைப் பிடித்து இழுத்தேன்.

"போகாதீங்க அக்கா. பாப்பாவைப் பார்க்க வாங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

"எங்க ஊர்ல குழந்தை பொறந்தா எல்லாரும் பார்க்க வருவாங்க. அவ பொறந்தப்போ யாருமே வரல, குண்டு போட்டுட்டு இருந்தாங்க. வெளியாளுங்க வந்தது நீங்கதான் முதல்ல. உக்கார்ற இடம்தான் தப்பாப் போச்சு. சீக்கிரம் வாங்க, மணி ஆகுது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தொப்பி அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஏழு பேரும் வேர்க்க விறுவிறுக்க மேட்டில் ஏறினோம்.

அம்மா பாய் விரித்து முடித்திருந்தார். நான் பாட்டிலை அக்காவிடம் நீட்டினேன். அவர் மண்டியிட்டுக் கடைசி வரியின் மேல் தண்ணீர் ஊற்றினார். அவருடைய முதுகு பட்ட இடத்தில் வியர்வைத் தடம் இருந்தது. அதைத் தன் கைக்குட்டையால் எழுத்து எழுத்தாகத் துடைத்தார். இரண்டு பேர் பெரிய தாத்தாவுக்குக் குடை பிடித்தார்கள்.

பெரிய தாத்தா பொட்டலத்தைப் பிரித்து, சோற்றுருண்டையைத் தன் கையாலேயே பாப்பாவின் முன்னால் வைத்தார். நேரத்துக்கு வைத்துவிட்டார்.

பக்கத்து வரிசையில் ஒருவர் படம் எடுக்க வசதியாகச் சுவரின் மேல் பையை வைத்துவிட்டு நின்றார். தொப்பி அண்ணன் அவரிடம் போய்ப் பையை எடுக்கும்படி நேராகவே சொன்னார். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த மனிதர் பையை எடுத்துக்கொண்டு தலைகுனிந்தார். இவ்வளவு சுலபமா என்பது போல அப்பா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பகல் ஆனது. மேடு முழுக்கப் பேச்சு நின்றது. கடல் சத்தமும் சில்வண்டுச் சத்தமும் மட்டும் கேட்டன. சற்று முன்பு குதித்துக் குதித்துப் படம் எடுத்துக்கொண்ட ஆறு பேரும் கைகூப்பி அசையாமல் நின்றார்கள்.

நிமிடம் முடிந்ததும் பெரிய தாத்தா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து கல்லைத் தொட்டார்.

"பாப்பா, உன்னைப் பார்க்க ஆறு பேர் வந்திருக்காங்க. டோக்கியோலேர்ந்து" என்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பிறகு விருந்துதான். வேண்டாம் வேண்டாம் என்றவர்கள் அம்மாவிடம் தப்ப முடியுமா? வறுத்த தோஃபு, வேகவைத்த பன்றிக்கறி, மாவில் தோய்த்துப் பொரித்த மீன் தெம்புரா என்று தட்டுத் தட்டாக அடுக்கினார். தொப்பி அண்ணன் எனக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த தெம்புராவையும் சேர்த்துத் தின்றார். விருந்தாளியாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

யாருமே கைபேசியை வெளியே எடுக்கவில்லை. பெரிய தாத்தாதான் ஆரம்பித்தார்.

"ஏன், போட்டோ எடுக்கலையா?"

எல்லாரும் திடுக்கிட்டார்கள். அதெல்லாம் வேண்டாம் தாத்தா என்றார் அக்கா.

"வேணும். அவளுக்கு ஒரு போட்டோகூட இல்ல" என்றார் பெரிய தாத்தா.

ஆகவே எல்லாரும் சுவருக்கு முன்னால் இரண்டு பக்கமாக உட்கார்ந்தோம். நடுவில் பாப்பாவின் வரி. யாரும் குதிக்கவில்லை, இரண்டு விரலை விரித்துக் காட்டவில்லை. பெரிய தாத்தா மட்டும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு சிரித்தார்.

இந்த முறையும் அப்பாதான் படம் எடுத்தார். ஒன்று என்றார். இரண்டு என்றார். மூன்று வரவில்லை. கைபேசியைத் தாழ்த்திக்கொண்டு, தொப்பி அண்ணனின் முழங்காலை உற்றுப் பார்த்தார். அப்பாவின் காது சிவந்தது. பிறகு, பக்கத்து வரிசைக்கே கேட்கும்படி கணீரென்று சொன்னார்:

"தம்பி, கொஞ்சம் நகருங்க. பாப்பா தெரியல."