வரிசையின் கடைசியில் நின்றவள்

மாலை வழிபாடு முடிந்து ஆளுநர் பிளாட்டோன் கவ்ரிலோவிச் வீடு திரும்பியபோது, முன்கூடம் முழுக்க அப்பமும் உருகிய வெண்ணெயும் மணத்தன. பெருநோன்புக்கு முந்தைய கடைசி ஞாயிறு அது. வேலைக்காரர்கள் சுவரோரமாக வரிசையில் நின்றிருந்தார்கள். இந்த ஒரு நாளில் ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்காமல் யாரும் படுக்கைக்குப் போவதில்லை.

அவருக்கோ அவசரம். அறையில், ஜார் மன்னரின் படத்துக்குக் கீழே ஒரு தீர்ப்புத்தாள் காத்திருந்தது. கலகத்தில் பிடிபட்ட ஆலைத் தொழிலாளி ஸ்தெபானுக்கு வயது பத்தொன்பது. ஆளுநர் கையெழுத்திட்டால் விடியற்காலையில் தூக்கு. தீர்ப்பை அடித்துவிட்டால் சைபீரியாவுக்கு நாடுகடத்தல்.

சமையல்காரி உலியானா முதலில் வந்து குனிந்தாள்.

"பாலாடையில பாதியை நானே தின்னுட்டேன் ஐயா. மன்னிச்சுக்குங்க."

"பாதிதானா?" என்று வண்டிக்காரன் பின்னாலிருந்து முணுமுணுத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"கடவுள் மன்னிப்பார். நானும் மன்னிக்கிறேன்."

மன்னித்தவரும் பதிலுக்குக் குனிந்து கேட்க வேண்டும் என்பதுதான் வழக்கம். ஆளுநரின் கழுத்து வளையவில்லை. அவர் முகங்களைக்கூடப் பார்க்கவில்லை. காலணிகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. ஒவ்வொன்றுக்கும் அதே சொற்கள். கடைசியாக முதிய பணியாள் எஃபீமின் ஒட்டுப்போட்ட காலணிகளும் நகர்ந்தன.

அவற்றுக்குப் பின்னால் இன்னும் ஒரு ஜோடிக் கால்கள்.

வெறுங்கால்கள். நீலம் பாரித்தவை. அவற்றைச் சுற்றித் தரையில் தண்ணீர் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. வெண்ணெய் மணத்தை அமுக்கிக்கொண்டு சவுக்காரமும் ஈரக் கம்பளியும் வீசின.

"கடவுள் மன்னிப்பார். நானும்..."

"நான் ஒண்ணும் கேக்கலியே, ஐயா."

அவர் நிமிர்ந்தார்.

சலவைக்காரி அகாஃபியா.

ஏழு வருடம் அவருடைய சட்டைகளைத் துவைத்தவள். இலையுதிர் கால மழையில், சதுக்கத்தில் கூடிய கூட்டத்திலிருந்து மகனை வீட்டுக்கு இழுத்துவரப் போனவள். சுடச் சொன்னது ஆளுநர்தான். மழையில் கிடந்த உடலின்மேல் எஃபீம் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். அதோடுதான் அவளைப் புதைத்தார்கள்.

அந்தக் கோட்டைத்தான் இப்போது அவள் போட்டிருந்தாள்.

வேறு யாரும் அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை. உலியானா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆளுநர் தடுமாறி அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். பேனாவை எடுத்தார். தாளில் பெயர் தெளிவாக இருந்தது. ஸ்தெபான், அகாஃபியாவின் மகன்.

சொட்.

முதுகுக்குப் பின்னால்.

சொட்.

அவர் திரும்பவில்லை. மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தார். அடுப்பு எரியும் அறையில் மை உறைந்து கிடந்தது.

"எஃபீம்!"

தாழிட்ட கதவை அவரே போய்த் திறக்க வேண்டியிருந்தது. விளக்கோடு வந்த கிழவன் மூலையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். ஆனால் பயப்படவில்லை.

"அவள்... உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியல ஐயா. ஆனா என் கோட்டு வாசனை தெரியுது. பதினாறு வருஷப் புகையிலை வாசனை, மறக்குமா?"

"என்ன கேக்கிறா?"

"கேக்க வந்திருக்க மாட்டா." எஃபீம் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு ஊரே மன்னிப்புக் கேட்டுச்சு. நீங்க மட்டும்தான் யார்கிட்டயும் கேக்கல."

ஆளுநர் மண்டியிட்டார். நெற்றி தரையில் பட்டது. தரை ஈரமாகவும் பனிக்கட்டிபோலவும் இருந்தது.

"என்னை மன்னிச்சிடு, அகாஃபியா."

சொட்டும் ஓசை நின்றது.

காதுக்கு மிக அருகே, ஒரு மூச்சு:

"கடவுள் மன்னிப்பார்."

'நானும் மன்னிக்கிறேன்' என்ற மீதிப் பாதிக்காக அவர் காத்திருந்தார்.

அது வரவில்லை.

எழுந்து பார்த்தபோது மை இளகியிருந்தது. தீர்ப்பின் குறுக்கே கோடு கிழித்து, 'சைபீரியா' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாளை வாங்கிக்கொண்டு எஃபீம் மெல்லிய சட்டையோடு வாசலுக்கு விரைந்தான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: குளிர்காலம் முழுக்க இந்தக் கிழவன் கோட்டில்லாமல்தான் நடந்திருக்கிறான்.

"நில்லு. இதைப் போட்டுக்கோ." தன் ரோமக் கோட்டைக் கழற்றி அவரே அவன் தோளில் போர்த்தினார்.

மறுநாள் நோன்பின் முதல் திங்கள். வீடு வாசல், துணிமணி எல்லாவற்றையும் ஊரே கழுவும் நாள். ஆளுநர் கண்விழித்தபோது கட்டிலருகே நாற்காலியில், முந்தின நாள் அவர் கழற்றிப் போட்ட சட்டை துவைத்துத் தேய்க்கப்பட்டு, இன்னும் சூடாகக் கிடந்தது.

"சத்தியமா நாங்க யாரும் தொடல ஐயா," என்றாள் உலியானா.

அவர் சட்டையை விரித்தார். இடது மார்பில், சரியாக இதயத்தின்மேல், துப்பாக்கிக் குண்டளவு வட்டமாக ஓர் ஓட்டை. நேற்று அது இல்லை.

அந்த ஓட்டையை யாரோ நுண்ணிய குறுக்குத் தையலால் இழையோட்டி அடைத்திருந்தார்கள். ஆனால் பாதிதான்.

நூலின் முனையில் ஊசி தொங்கியது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

ஊசி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.