கயிற்றோடு வந்தவள்

கோடையில் மஸ்கோகிகள் வந்து சலோலியின் செரோக்கி ஊரைக் கொளுத்தினார்கள். வீடுகள் எரிந்தன. கதிர் முற்றி நின்ற சோளக் கொல்லை எரிந்தது. தடுக்க ஓடிய அண்ணன் தவோடி திரும்பி வரவே இல்லை.

அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கிகளுக்கும் மஸ்கோகிகளுக்கும் இந்தச் சண்டை எப்போது தொடங்கியது என்று சலோலிக்குத் தெரியாது. அவள் பிறப்பதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்து கொளுத்துவார்கள். இவர்கள் போய்க் கொளுத்திவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

சலோலியும் அம்மா குவானாவும் ஆற்றோரமாகவே நடந்து மலையூர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்த ஓநாய்க் குலத்தார் ஒரு சின்ன வீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். முன்பின் பார்த்ததில்லை என்றாலும் ஒரே குலம் என்றால் சொந்தம்தானே? அம்மாவின் குலம்தான் பிள்ளைக்கும் குலம்.

ஊர் எரிந்த அன்றிலிருந்து அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். "அம்மா, பசிக்குது" என்றால் கஞ்சியை எடுத்து வைப்பாள். "அம்மா, குளிருது" என்றால் மான் தோலை இழுத்துப் போர்த்துவாள். வாய் மட்டும் திறக்காது.

முதல் பனி விழுந்த அன்று யோனா மாமா வந்தார். அம்மாவின் தம்பி. முகத்தில் போருக்காகப் பூசிய சிவப்புச் சாயம் பாதி கலைந்திருந்தது. கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு சிறுமி. சலோலியைவிட ஒரு சாண் குள்ளம்.

"அக்கா, மஸ்கோகி ஊர் ஒண்ணைக் கொளுத்திட்டு வர்றோம். தவோடிக்குப் பதிலா இவளைக் கொண்டு வந்திருக்கேன். வச்சுக்கிறதும் தள்ளுறதும் உன் இஷ்டம். ஆனா உன் வாயால சொல்லணும்."

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வெள்ளைக்கார வியாபாரி வர்றான். நீ ஒண்ணும் சொல்லலைன்னா அவன்கிட்ட கொடுத்திருவேன். துப்பாக்கி மருந்து தீந்து போச்சு, இவளுக்குப் பதிலா வாங்கிக்கலாம்."

அம்மா ஒரு விறகை அடுப்பில் தள்ளினாள். மாமா பெருமூச்சு விட்டுக் கயிற்றை வாசல் தூணில் கட்டிவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார்.

வியாபாரியோடு போனவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். அதற்கப்புறம் எங்கே போவார்கள் என்று சொல்ல ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை.

'போகட்டும். எங்க வீட்டைக் கொளுத்தினது இவ அப்பாவாத்தான் இருக்கும்' என்று நினைத்துச் சலோலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம்தான். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள். சிறுமியின் மணிக்கட்டில் தோல் உரிந்து கயிறெல்லாம் ரத்தமாக இருந்தது. காலில் செருப்பு இல்லை. பனியில் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றுகொண்டிருந்தாள்.

"சே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு சலோலி எழுந்தாள். கயிற்றைத் தளர்த்தினாள். ஒரு மான் தோலை எடுத்து அவள் காலடியில் போட்டாள். கிண்ணத்தில் சோளக் கஞ்சி கொண்டு வந்து நீட்டினாள்.

"இந்தா. குடி. நான் சொல்றது உனக்கு எங்கே புரியப் போகுது!"

சிறுமி கிண்ணத்தைப் பார்த்தாள்.

"மம்மு," என்றாள்.

சலோலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது செரோக்கிப் பேச்சு. அதுவும் இடுப்பில் இருக்கும் குழந்தைகள் பேசும் பேச்சு.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

"மம்மு... ஜூடு. ஆத்தித் தா."

சலோலி சிரித்துவிட்டாள். ஊர் எரிந்த பிறகு இன்றுதான் சிரிக்கிறாள். ஊதி ஆற்றிக்கொண்டே கேட்டாள். "இவ்ளோ பெரிய பொண்ணு, மம்முங்கறே! எங்க பாஷையை யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அம்மா. என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு இப்படித்தான் பேசுவாங்க. மத்தவங்க முன்னாடி பேச மாட்டாங்க. அம்மாவைச் சின்ன வயசுல மஸ்கோகிங்க பிடிச்சுக்கிட்டுப் போனாங்களாம்."

"உன் பேரு?"

"புஸ்வா. அம்மா மட்டும் ஓநாய்க் குட்டின்னு கூப்பிடுவாங்க."

சலோலி ஊதுவதை நிறுத்தினாள். "ஏன் அப்படி?"

"அம்மா ஓநாய்க் குலமாம். அப்ப நான் குட்டிதானே?"

கிண்ணத்தை அவள் கையில் திணித்துவிட்டுச் சலோலி ஆற்றை நோக்கி ஓடினாள். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட மாமாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இவளைக் கொடுக்க முடியாது மாமா! இவ நம்ம குலம். எனக்குத் தங்கச்சி முறை. உங்களுக்கு மருமக!"

மாமா நம்பவில்லை. புஸ்வாவின் முன்னால் குனிந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் பதில் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் கேட்டார்: "உங்கம்மா எங்கே?"

"சோளக் களத்துல இருந்தாங்க. நீங்க வந்தப்போ."

மாமாவின் கண் அவள் மணிக்கட்டுக் கயிற்றில் நின்றது.

"அம்மா கத்தினாங்க மாமா. நம்ம பாஷையிலதான் கத்தினாங்க."

"சத்தத்துல... கேக்கலைம்மா," என்றார் மாமா. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் களத்தில் யாரும் மிஞ்சவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே சலோலிக்குப் புரிந்தது. புஸ்வாவுக்கும் புரிந்தது. ஊர் நடுவே இளைஞர்கள் அடுத்த படையெடுப்புக்கு முரசு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்ல யாராலும் முடியாது.

சலோலி உள்ளே ஓடினாள். "அம்மா, கேட்டியா? நீ வச்சுக்கறேன்னு சொல்லும்மா. ஒரே ஒரு வார்த்தை!"

அம்மா வாயைத் திறந்தாள். இத்தனை மாதம் கழித்து வந்த குரல் கரகரவென்றிருந்தது.

"என் மகனுக்குப் பதிலா எனக்கு யாரும் வேண்டாம்."

"பதிலா வேண்டாம்மா," என்றாள் சலோலி. "அண்ணன் படுத்த இடம் அண்ணனுக்கே இருக்கட்டும். இவ என் பக்கத்துல படுத்துக்குவா. அவளுக்கும் அவங்கம்மாவுக்குப் பதிலா நீ வேண்டாம். சும்மா கூட இருக்கலாமில்ல?"

அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். பனியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த தம்பியைத் தாண்டி நடந்து, கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"இவ என் வீட்டுப் பொண்ணு," என்றாள், ஊருக்கே கேட்கும்படி. அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "உங்கம்மா பேரு என்ன கண்ணு?"

புஸ்வா சொன்னாள். அம்மா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அடுத்து, "தவோடி" என்றாள். சொன்னதும் உடைந்து அழுதாள். புஸ்வாவும் அழுதாள். சலோலி இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழுதாள்.

அழுது முடிப்பதற்குள் கஞ்சி ஜில்லென்று ஆகிவிட்டது. அதை அம்மா மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். மூன்று பேரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்கள்.