ஜெனூபா துடைத்த தகடு

சாய்ந்தமருதில் கடலோரம் குடியிருந்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக் காற்று சும்மா விடாது. முகக்கண்ணாடி, டிவி, வாப்பாவின் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றிலும் மங்கலாகப் படிந்துவிடும். ஜெனூபாவின் வீட்டில் துடைப்பது அவளுடைய வேலை. வயது பதினொன்று. நன்றாகத் துடைப்பாள்.

அதனால்தான் அந்தப் பிழை நடந்தது.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் அவளுடைய அக்கா, சிபானா ராத்தா, இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். மேசையில் அவளுடைய சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, சரியாக மூடாமல் கிடந்தது. உள்ளே நகமளவு தகடு. அதன் மேல் மங்கலாக ஏதோ படிந்திருந்தது.

உப்புத்தான் என்று நினைத்தாள் ஜெனூபா. ராத்தாவுக்குத் துடைக்க எங்கே நேரம்? ஈரத்துணியால் மூன்று தரம் துடைத்து, சட்டை நுனியால் ஒற்றி, பெட்டியை இறுக்கி மூடி வைத்தாள்.

பகல் சாப்பாட்டில், அப்படி என்னதான் ஆராய்கிறாய் என்று வாப்பா கேட்டார். அவர் கரைவலை இழுப்பவர். ராத்தா விளக்கினாள். பென்சில் கரியை டேப்பால் உரித்து உரித்து எடுத்தால் ஓர் அணு தடிப்பில் படலம் கிடைக்கும். அதில் உள்ள அணுக்கள் ஓயாமல் அதிரும். லேசர் ஒளியைப் பாய்ச்சினால், திரும்பி வருவதில் கொஞ்சம் ஒளி மட்டும் மயிரிழை நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தை அளக்க ஒரு நுணுக்கமான கருவி உண்டு. அதை வைத்து அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று அறியலாம். ஏழு மாதம் காத்திருந்து அந்தக் கருவியில் கிடைத்த அவளுடைய முறை நாளை மறுநாள். படலம் அந்தப் பெட்டிக்குள் உள்ள தகட்டில், டேப் பசையின் மங்கலுக்கு நடுவே இருக்கிறது. துணி பட்டாலே போய்விடும்.

“கண்ணுக்குத் தெரியாத சாமானப் பாக்க ஏழு மாசம் லைன்ல நிண்டியா மகள்?” என்று வாப்பா சிரித்தார்.

ஜெனூபா தன் சட்டை நுனியைக் குனிந்து பார்த்தாள்.

அன்று முழுவதும் அவள் பெட்டி இருந்த மேசையையே சுற்றிச் சுற்றி வந்தாள். ராத்தா பெட்டியைத் திறந்து பார்க்காமலே பைக்குள் வைத்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் வெறும் தகட்டைக் கருவியில் வைத்து, கிடைத்த முறையை ராத்தா வீணாக்குவாள்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில்தான் வாய் வந்தது.

“ராத்தா, பெட்டிக்குள்ள இருந்தத நான் துடைச்சிட்டன்.”

சிபானா பெட்டியைத் திறந்தாள். தகடு பளிச்சென்று இருந்தது.

“எத்தின தரம்?”

“மூணு தரம். உப்பு எண்டு நினைச்சன்.”

ராத்தா கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு படலத்துக்காக மூன்று வாரம் உரித்தேன் என்று விரல்களுக்குள்ளே சொன்னாள். பிறகு பவிதரன் என்ற மாணவனுக்குப் போன் எடுத்து, தன்னுடைய முறையை அவனை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவனிடம் படலம் ஆயத்தமாக இருந்தது. ராத்தாவுக்கு அடுத்த முறை இனித் தை மாதம்தான்.

“கோவமா ராத்தா?”

“ஓம், கோவந்தான். சரியா மூடாம வெச்ச என்னிலயும் கோவம்.” ராத்தா மூக்கைத் துடைத்தாள். “நீ சொல்லாம விட்டிருந்தா, மெஷின் பழுது எண்டு அங்க போய்ச் சண்டை பிடிச்சிருப்பன்.”

ஜெனூபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

பஸ் வந்தது. புதிதாக உரிக்கத் தொடங்க வேண்டும் என்று ராத்தா ஏறிவிட்டாள். யன்னலோரம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெனூபா அசையாமல் நின்றாள்.

பஸ் நகர்ந்து கொஞ்சத் தூரம் போன பிறகு யன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு ஆடியது. பிந்தித்தான் ஆடியது. ஆனாலும் வளைவு வரும்வரை ஆடிக்கொண்டே போனது.